பக்கவிளைவு என்ற சொல்லை முன்வைத்து

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பிரெஞ்சுக்காரர் இரண்டு சொற்றொடர்களைப் பாவிக்கிறார்கள். ஒன்றைத் தமிழில் 'இரண்டாந்தர விளைவு' எனலாம். மற்றது 'விரும்பப்படாத விளைவு'. நாம் இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியாக வந்த 'பக்கவிளைவு' என்ற சொல்லை வைத்திருக்கிறோம். எது நடு, எது பக்கம் என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி இச்சொல்லுக்குள் ஒளிந்து கிடக்கிறது. வைத்தியருக்கு நடுவில் இருப்பது கட்டி. மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு வந்து மூன்றாம் நாள் குளியலறைத் தரையில் குந்தியிருக்கும் பெண்ணுக்கோ கட்டி எங்கேயோ இருக்கிறது. சத்திரசிகிச்சையில் அது ஏற்கெனவே போயும் இருக்கலாம். அவளுடைய நாளின் நடுவில் இருப்பவை குமட்டல், வாய்ப்புண், எலும்புக்குள் இறங்கிய களைப்பு, தலையணையில் கிடக்கும் முடி. இவற்றை ஓரத்தில் தள்ளி வைக்கும் சொல்லை அவளும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இச்சொல்லை நாம் மறுபடி யோசிக்க நேர்ந்தது ஒரு பிரெஞ்சு நூலை வாசித்தபோது. அனி எர்னோவும் மார்க் மரியும் சேர்ந்து எழுதி 2005இல் கலிமார் பதிப்பகம் வெளியிட்ட 'லுசாஜ் து லா ஃபோத்தோ', அதாவது புகைப்படத்தின் பயன்பாடு. எர்னோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தபின் அவருடைய பல நூல்கள் பேசப்பட்டன. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2024இல்தான் வந்தது. நூலில் 14 புகைப்படங்கள் உண்டு. ஒன்றிலும் ஆள் இல்லை. இருவரும் கூடியிருந்த இரவுக்குப் பிறகு தரையிலே கிடந்த உடுப்புகள், சப்பாத்துகள், எடுக்காமல் விட்ட சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தைப் பற்றியும் இருவரும் தனித்தனியே எழுதி, எழுதி முடியும்வரை ஒருவருக்கொருவர் காட்டாமல் வைத்திருந்தார்கள். படங்கள் எடுக்கத் தொடங்கிய 2003இல் எர்னோவுக்கு வயது 62. பாரிஸ் கியூரி நிலையத்தில் மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

நோயைப் பற்றிய நூலென்று இதை யாரும் கையில் எடுப்பதில்லை. காமத்தைப் பற்றிய நூலென்று எடுத்தவர்கள் நோயில் போய் முட்டிக்கொள்கிறார்கள். முடி என்றால் தலைமுடி மட்டுமல்ல, உடம்பு முழுவதுமே மயிரற்றுப் போனது பற்றி, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் புடைத்து நின்ற குழாய் பற்றி, பொய்முடி பற்றி, அவர் வேறு எதைப் பற்றியும் எழுதுவதுபோலவே எழுதுகிறார். பிரான்சில் இத்தனை இலட்சம் பெண்களின் வெட்டித் தைத்த மார்புகள் சட்டைகளுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன, ஒருநாள் அவற்றைக் காட்டத் துணிய வேண்டும் என்றும் ஓரிடத்தில் சொல்கிறார். சிகிச்சையின் விளைவுகளை இப்படி ஆசையின் நடுவிலே, படுக்கையின் நடுவிலே கொண்டுவந்து வைத்ததுதான் இந்நூலின் பெறுமதி. பக்கத்தில் இருந்ததை அவர் நடுவுக்கு இழுத்துவிட்டார்.

ஆயினும் இந்நூலை லாசப்பலில் வைத்து வாசிக்கும்போது எமக்குச் சில முரண்பாடுகள் தோன்றுகின்றன. எர்னோவுக்குச் செர்ஜியில் சொந்த வீடு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வைத்தியரின் மொழி அவருடைய மொழி. அதுவும் அவர் தொழில் செய்யும் மொழி. வாந்தியும் அசதியும் இந்நூலின் மையத்துக்கு வருவதில்லை, ஏனெனில் அவருக்குப் படுத்துக்கிடக்க அறை இருந்தது. கூட ஒரு மனிதன் இருந்தான். இரண்டறை வீட்டில், கணவன் றெஸ்ரோரண்டில் இரவு ஒரு மணிவரை நிற்க, மூன்று பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க வேண்டிய பெண்ணின் கீமோ வேறொரு கீமோ. மருந்து ஒன்றாக இருக்கலாம். எர்னோ தன் பிற நூல்களில் வர்க்கத்தை விடாமல் பேசியவர் என்பதால்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

குறிப்பாக மணம். புகலிட எழுத்தில் லாசப்பல் எப்போதும் மணத்தினாலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இரண்டாம் இலக்க மெத்ரோவின் மேம்பாலத்திலிருந்து இறங்கியதும் வடை பொரியும் மணம், றியூ கைக்குள் திரும்பினால் கறிவேப்பிலை, வறுத்த மிளகாய்த்தூள், கருவாடு. எத்தனை கதைகளில், எத்தனை கவிதைகளில் இதை வாசித்துவிட்டோம்! ஊரை இழந்தவனுக்கு மூக்கு வழியாக ஊர் திரும்பக் கிடைக்கிறது என்பது எமது எழுத்தின் தேய்ந்துபோன உத்தி. கீமோ ஏற்றிக்கொண்ட பெண்ணுக்கு இந்த மணம்தான் முதலில் எதிரியாகிறது. தாளிக்கும் வெங்காயம் அவளைக் குளியலறைக்கு ஓட வைக்கிறது. இரும்பைச் சப்பியதுபோல் வாய் கசக்கிறது. உதடும் நாக்கும் புண்ணாகிவிட்டால் ஒரு சொட்டு உறைப்பும் தாங்காது. 1990களின் தொடக்கத்தில் வந்த ஒன்டான்செத்ரோன் போன்ற மருந்துகள் வாந்தியைப் பெருமளவு அடக்கிவிட்டன. குமட்டலை அந்த அளவுக்கு அடக்கவில்லை. குமட்டலோடு நின்று மற்றவர்களுக்காகக் குழம்பு கூட்டும் பெண் லாசப்பலைப் பற்றி எழுதினால் அது எப்படியிருக்கும்? எமது ஏக்க இலக்கியம் முழுவதையும் அந்த ஒரு பக்கம் தலைகீழாக்கிவிடும் என்று நினைக்கிறோம்.

மருந்துகளுக்கும் ஊர் இருக்கிறது. கார் து நோரில் ஆர்.இ.ஆர். பி ரயிலில் ஏறித் தெற்கே போனால் ஜிவ்-சுர்-இவெத் வரும். அங்கேதான் பியேர் பொத்தியே என்ற வேதியியலாளரின் குழு, ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளிலிருந்து தக்சோத்தேர் மருந்துக்கு வழி கண்டது. நவெல்பின் என்ற மருந்தும் அதே குழுவின் வேலைதான். நவெல்பினின் மூலச்செடி எங்கள் வீட்டு முற்றங்களில் கேட்பாரற்று நின்ற பட்டிப்பூ. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். மடகாஸ்கரிலிருந்து உலகெல்லாம் பரவிய செடி அது. சாமிக்கு ஆய்ந்து வைத்த பூவின் இரசாயனத்தை இங்கே நரம்பு வழியாக ஏற்றிக்கொள்கிறார்கள் என்று ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா, சிரிப்பாக இருந்திருக்குமா தெரியாது. தக்சோத்தேர் போன்றவை விரல் நுனிகளை விறைக்க வைக்கின்றன, நகங்களைக் கறுக்க வைக்கின்றன. பொத்தான் பூட்ட முடியாது. அரிசியில் கல் பொறுக்கும்போது கல்லுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாது. இதைத் தாளில் ஒரு கிரேக்கச் சொல்லால் எழுதியிருப்பார்கள்.

இனிச் சொல்லப்போவது இலக்கியம் அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். மார்புப் புற்றுநோய்க்கான கீமோவை இங்கே பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். ஏற்றி ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. அந்த நாட்களில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. இராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணித்தியாலத் தாமதத்தில் உயிர் போகலாம். எம்மவரின் வழமை என்ன? இரண்டு டொலிப்ரான் போடுவது, மல்லி அவித்துக் குடிப்பது, போர்த்திக்கொண்டு படுப்பது, மனுசன் வரட்டும் என்று காத்திருப்பது. டொலிப்ரான் காய்ச்சலைக் குறைத்துக் காட்டும், கிருமியைத் தொடாது. லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியின் மதில் லாசப்பல் கடைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தூரம் வேறெங்கோ இருக்கிறது.

அந்தத் தூரத்தின் ஒரு முனையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தாயோடு வந்து வைத்தியருக்கு முன்னால் உட்காரும் மொழிபெயர்ப்பாளன். ரெலிபோனில் மொழிபெயர்க்கும் சேவைகள் இந்நாட்டில் உண்டு; ஆனால் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது யாரும் ரெலிபோனை எடுப்பதில்லை. மாதவிலக்கு நின்றுவிட்டதா, உடம்புறவில் வலி இருக்கிறதா, மலம் எப்படிப் போகிறது என்ற கேள்விகள் வரும். மகன் கேட்கமாட்டான். கேட்டாலும் தாய் சொல்லமாட்டாள். 'பரவாயில்லையாம்' என்று அவன் பிரெஞ்சில் சொல்வான். அத்தாளில் எழுதப்பட்ட விளைவுகளில் பாதி இந்த ஒரு சொல்லுக்குள் புதைந்து போகிறது. பிரெஞ்சு அரசு இந்நோய்க்கு மருந்துச் செலவை நூறு வீதம் பொறுப்பெடுக்கிறது. சொல் இல்லாமையை யார் பொறுப்பெடுப்பது?

சொல் ஏன் இல்லாமல் போயிற்று என்பதற்கு எமது கலைகளைத்தான் பார்க்க வேண்டும். எண்பதுகளில் லாசப்பல் வீடியோக் கடைகளில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த படங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை', இரண்டும் 1982. நாயகனுக்குப் புற்றுநோய். இருமல் வரும், பாட்டு வரும், சாவு வரும். தலைமுடி கலைவதில்லை. புற்றுநோய் என்பது காதலை உயர்த்திக் காட்ட வந்த ஒரு விதி. அதற்குச் சிகிச்சை என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. மேலும் அது ஆணின் நோய். சிறுகதைகளிலும் இதே கதைதான். நோய் வந்தது என்று ஒரு வரி, செத்தாள் என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆறு மாதத்தை யாரும் எழுதவில்லை. பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல்களோ 'காலமானார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஊரில் நோயின் பெயரைச் சொல்லாமல் 'மகரகமைக்குப் போறா' என்பார்கள். கதிர்ச் சிகிச்சையைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். இவையாவது சனம் தானாக ஆக்கிய சொற்கள். எமக்கு இவற்றின்மேல் மரியாதை உண்டு.

ஒரு சொல் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது: போராட்டம். 'புற்றுநோயுடன் போராடி' என்று எழுதாத அஞ்சலி இல்லை. சூசன் சொன்ராக் 1978இல் எழுதிய 'நோய் என்னும் உருவகம்' நூல் இத்தகைய யுத்தச் சொற்களைத்தான் விசாரணைக்கு எடுத்தது. 1975இல், 42ஆம் வயதில் அவருக்கு மார்புப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மார்பை அகற்றிய பின் நெடுங்காலம் மருந்து ஏற்றிக்கொண்டார். பாரிசில் இருந்த லூசியன் இஸ்ராயல் என்ற வைத்தியரின் ஆலோசனையையும் பெற்றார். அப்படியிருந்தும் அந்நூலில் தான் ஒரு நோயாளி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நோயின்மேல் பூசிய உருவகங்களைக் கழுவிவிட்டால் நோய் வெறும் நோயாக நிற்கும் என்பது அவருடைய வாதம். கான்சர் என்ற சொல்லுக்குப் பின்னால் நண்டு இருக்கிறது. எமது சொல்லுக்குப் பின்னால் இருப்பது புற்று, அது பாம்பின் வீடு. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பால் வைத்த சனம் புற்றைக் கண்டு பயப்படவும் செய்யும், கும்பிடவும் செய்யும். இந்த இரண்டு மனநிலையையும் சொன்ராக்கின் சட்டகத்துக்குள் முழுதாக அடக்கமுடியாது என்றே எமக்குப் படுகிறது.

ஆனால் யுத்தம் பற்றி அவர் சொன்னது எமக்கு அவருக்கு உறைத்ததைவிட அதிகமாகவே உறைக்கிறது. எமக்குப் போராட்டம் உருவகம் அல்லவே. அச்சொல்லுக்குப் பின்னால் மாவீரரும் உண்டு, துரோகியும் உண்டு. ஐந்தாவது ஏற்றலோடு போதும், இனித் தாங்கமாட்டேன் என்று கேட்கும் பெண்ணைப் 'போராட்டத்தைக் கைவிட்டவ' என்று பார்க்கும் பார்வையில் ஒரு பழைய விசாரணையின் தொனி கேட்கிறது. நோவுது என்று சொல்வது பலவீனம், மருந்தை அளவு குறைத்துத் தரக் கேட்பது சரணடைவு. உண்மையில் மருந்தின் அளவைக் குறைப்பதும் ஒரு வாரம் தள்ளிப்போடுவதும் வைத்தியர்கள் அன்றாடம் செய்கிற காரியங்கள். கேட்டால் செய்வார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். யுத்தம் இம்மருந்துகளுக்குள் உருவகமாக அல்லாமலும் இருக்கிறது. முதலாம் உலகப்போரின் கடுகு வாயுவுக்கு உறவான நைதரசன் கடுகை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளிக்கு ஏற்றியதிலிருந்துதான் இன்றைய கீமோ தொடங்குகிறது. மார்புப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றப்படும் சைக்ளோபொஸ்பமைட் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு யுத்தத்திலிருந்து ஓடி வந்தவளின் கையில் இன்னொரு யுத்தத்தின் எச்சம் ஏறுகிறது.

சொன்ராக் 1975க்குப் பிறகு 29 வருடம் வாழ்ந்தார். அந்த வருடங்களுக்குச் சிகிச்சைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். 1998இல் கருப்பையில் வேறொரு புற்றுநோய், மறுபடி கீமோ. 2004இல் எலும்பு மச்சையில் வந்த நோய், முன்னர் பெற்ற சிகிச்சையின் விளைவாகவே இருக்கக்கூடும் என்று கருதப்பட்டதை அவருடைய மகன் டேவிட் றீவ் 2008இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். தாய் அனுபவித்த வேதனையை, அவர் எழுதாமல் விட்டதை, மகன் எழுதினார். 2004 டிசம்பர் 28 அன்று நியூயோர்க்கில் சொன்ராக் இறந்தார். அந்தக் கிழமை எம்மில் யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டோம். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் சுனாமிப் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் மொன்பர்னாஸ் மயானத்தில் அவரைப் புதைத்தார்கள். உயிரை எடுத்த ஒரு விளைவை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று அவருடைய உருவக நூல் சொல்லித்தரவில்லை.

முடிக்கு வருவோம். எமது சனத்தில் பெண்ணின் மொட்டைக்கு இரண்டு அர்த்தம்தான்: நேர்த்தி, அல்லது தாலியறுத்த கோலம். மூன்றாவது அர்த்தத்தோடு வரும் மொட்டையை வைக்க இடமில்லை. அதனால் கலியாண வீடுகளுக்குப் போகாமல் விடுகிறார்கள். முழுவியளம் சரியில்லை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஓகஸ்ட் மாதப் பிள்ளையார் தேருக்கும் தெருவோரம் வருவதில்லை. இந்தியக் கோயில்களில் காணிக்கையாக இறக்கிய முடி ஏலத்தில் போய் உலகமெங்கும் பொய்முடியாக விற்கப்படுகிறது. லாசப்பலிலிருந்து நடக்கும் தூரத்தில் சாத்தோ தோவில் வரிசையாக முடிக் கடைகள். யாரோ ஒருத்தியின் நேர்த்தியைத் தலையில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி தன் நோயை மறைக்கிறாள். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஒட்றி லோர்ட், 1978இல் மார்பை இழந்தபின் தனக்குத் தரப்பட்ட பொய்மார்பு வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்ததை எழுதியிருக்கிறார். அதை அணியாமல் வைத்தியரிடம் போனபோது, மற்றவர்களின் மனத்தென்பு கெடும் என்று தாதி சொன்னாளாம். மறைப்பது நோயாளிக்காக அல்ல, பார்ப்பவர்களுக்காக என்பதை 1980இல் வெளியான அவருடைய புற்றுநோய்க் குறிப்புகளைப்போல் வேறெதுவும் எமக்குக் காட்டவில்லை.

தமிழில் இப்படியொரு உடம்பு இல்லவே இல்லையா? மார்பு என்றதும் எமது மேடைகள் கண்ணகியிடம் ஓடுகின்றன. திருகி எறிந்த மார்பு, எரிந்த மதுரை. அது ஆவேசத்தின் உடல். ஒரு கணத்தின் உடல். 21 நாளுக்கு ஒருமுறை மெலியும் உடலுக்கு அவளிடம் எதுவும் இல்லை. எமக்கு நெருக்கமாகப் படுபவர் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டுப் பதிகத்தை வற்றிச் சுருங்கிய மார்பும், புடைத்த நரம்பும், குழிந்த வயிறும் கொண்ட ஒரு பேயின் உடம்பைச் சொல்லித் தொடங்கியவர் அவர். அம்மையார் அவ்வடிவத்தைக் கேட்டு வாங்கினார். எமது பெண்கள் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. ஆனால் அழகு போன பெண்ணுடலை அருவருப்பும் இரக்கமும் இன்றி, உள்ளேயிருந்து, தன் குரலில் சொன்ன பழைய எழுத்து எம்மிடம் அதுதான். இன்னொரு விடயம். மனைவியின் அதிசயத்தைக் கண்டு பயந்த பரமதத்தன் அவளை விட்டுப்போய் வேறொருத்தியைக் கட்டி, பிறகு காலில் விழுந்து தெய்வம் என்கிறான். மனைவியைத் தொடப் பயப்படும் ஆண் அவளைத் தெய்வமாக்கிவிடுவது இன்றும் நடக்கிறது. 'அவ சரியான தைரியசாலி' என்று முன்னறையில் இருந்து சொல்லிக்கொண்டு, படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொள்வது.

இங்கேதான் எர்னோவின் நூலில் இன்னொரு பாதி இருப்பதை மறக்கக்கூடாது. அதை எழுதியவர் மார்க் மரி. எழுத்தாளராகப் பேரெடுத்தவர் அல்ல. அவருடைய பக்கங்கள் எர்னோவின் பக்கங்களுக்கு ஈடாகவும் இல்லை. சில இடங்களில் சலிப்பூட்டுகிறார். ஆனால் மொட்டைத்தலையோடு பக்கத்தில் கிடந்த பெண்ணை அவர் விலகாமல் பார்த்திருக்கிறார், பார்த்ததை எழுதியிருக்கிறார். எமது பெண்கள் எழுதட்டும் என்று சொல்வது இப்போது எல்லோருக்கும் வாயில் வந்துவிட்டது. ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. றெஸ்ரோரண்ட் முடிந்து கடைசி மெத்ரோவில் வந்து, உடுப்பு மாற்றாமல், மனைவியின் தலைமாட்டில் இருந்த வாளியைக் கழுவி வைத்து, வாய்ப்புண்ணுக்கு ஆறவைத்த கஞ்சியைக் கரண்டியால் கொடுத்த ஆண்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கஞ்சி எவ்வளவு நேரத்தில் ஆறியது, அவ எத்தனை கரண்டி விழுங்கினா என்று மட்டும் எழுதி அனுப்பினாலும் போதும், இந்த இதழில் அதற்கு இடமிருக்கிறது.